படித்த கதை திரையில் வரும்போது

நேசித்துப் படித்த ஒரு நாவலின் படத்தைப் பார்த்துவிட்டு மனம் கனத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். சம்பவங்கள் எல்லாமே இருந்தன, ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் புத்தகத்தில் நாயகி ஒரு கடிதத்தைக் கிழிப்பதற்கு முன் பத்துப் பக்கம் தனக்குள்ளேயே போராடுவாள். படத்தில் பின்னணி இசை ஏறுகிறது, கிழித்துவிடுகிறாள். அவ்வளவுதான். அந்தப் பத்துப் பக்கத்துக்காகத்தானே நான் அந்த நாவலை மூன்று முறை படித்தேன்!

நீளத்தைக் குறைப்பது சரி, அதில் எனக்குக் கோபமில்லை. 1979-இல் மகேந்திரன் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கருவை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. கதையே வேறாகிவிட்டது. ஆனாலும் தாயை இழந்த குழந்தைகளின் தவிப்பு அப்படியே இருக்கிறது. கடைசியில் ஆற்றங்கரையில் விடப்படும் அந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்து ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன். யாரும் பெரிதாக வசனம் பேசுவதில்லை. முகங்கள், தண்ணீர், அப்புறம் ஊரே செய்துவிட்ட ஒரு காரியத்தின் கனம்.

அதைப் பார்த்த பிறகுதான் ‘சிற்றன்னை’யைத் தேடிப் படித்தேன். இன்று பார்த்த படம் யாரையாவது அந்த நாவலிடம் அனுப்புமா என்று தெரியவில்லை. நான் மட்டும் இன்றிரவு அந்தப் பத்துப் பக்கத்தை எடுத்து மறுபடி படிக்கப்போகிறேன்.