கிழவியின் கழுத்து

அச்சோவியக் காப்பகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு அது. பெட்டியிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, அளந்து, கணினியில் விவரம் பதிய வேண்டும். அன்று வந்தவை டச்சுச் செப்புத்தகட்டு ஓவியங்கள். ஒரு தாளில் ஓர் இளம்பெண். அருகே ஒரு கிழவி. கீழ் ஓரத்தை எந்தக் காலத்திலோ யாரோ நறுக்கிவிட்டிருந்தார்கள். ‘தோட்டத்தில் இரு பெண்கள்’ என்று பதிந்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

மறுவாரம் என் மேலாளர் அழைத்தார். “அது கிழவி இல்லை. வெர்ட்டும்னஸ்.”

பருவங்களின் ரோமானியத் தெய்வம். கனித்தோட்டத்தைப் பூட்டிக்கொண்டு யாரையும் அண்டவிடாத கனிமர வனதேவதை பொமோனாவிடம் அறுவடைக்காரனாக, மீனவனாக, போர்வீரனாக வந்து பார்த்துவிட்டு, கடைசியில் கிழவி வேடத்தில் உள்ளே நுழைந்தவன் என்கிறார் ரோமானியக் கவிஞர் ஓவிட். தினைப்புனத்தில் வள்ளியிடம் கிழவனாக வந்த முருகனைக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்தேன். ஆபிரகாம் புளூமார்ட் வரைந்து கொடுத்ததை யான் சான்ரெடாம் 1605இல் தகட்டில் செதுக்கியது. உளியை அழுத்தினால் கோடு தடிக்கும். தளர்த்தினால் மயிரிழையாக மெலியும். பொமோனாவின் மேனியில் அகன்று வளைந்து ஓடும் அதே கோடுகள், கிழவியின் கழுத்துக்கு வந்ததும் நெருங்கி, ஒடிந்து, சுருக்கமாகிவிடுகின்றன. உளி அதேதான், மையும் அதேதான். உருமாற்றத்தைச் சித்திரத்தில் எப்படிக் காட்டுவது என்று கேட்டால் நான் இந்தக் கழுத்தைத்தான் காட்டுவேன்.

சான்ரெடாமின் ஆசிரியர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ். அவருக்குக் குழந்தைப் பருவத்தில் வலது கை தீயில் வெந்து, விரல்கள் சரியாக விரியாமல் போயின. 1588இல் அந்தக் கையையே பேனாவால் வரைந்தார்; ஹார்லெமின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேனா வேலைதான், ஆனால் செதுக்கியது போலவே தடித்து மெலியும் கோடுகள். அந்தக் கை எந்த ஆசிரியனின் பாணியையும் எடுத்துக்கொள்ளும். 1594இல் பழைய ஜெர்மானிய மேதை டியூரரின் பாணியில், குழந்தை இயேசுவின் ‘விருத்தசேதனம்’ என்ற காட்சியைச் செதுக்கினார். அதன் ஒரு படியில் தன் முகமும் கையொப்பமும் இருந்த இடங்களைச் சுட்டு அழித்து, தாளைப் புகைகாட்டிக் கசக்கி வெளியே அனுப்பினாராம். டியூரரின் அபூர்வப் படைப்பென்று நல்ல விலைக்கு வாங்கினார்களாம். இதை எழுதியவர் அவருடைய நண்பர் கரெல் வான் மாண்டர். 1604இல் வந்த தன் நூலில் கோல்ட்சியஸை அவர் கலையின் புரோட்டியஸ் (நினைத்த உருவெடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வம்), வெர்ட்டும்னஸ் என்றே அழைக்கிறார். வெறும் புகழ்ச்சி என்று நான் நினைக்கவில்லை. பக்கத்திலிருந்து கையைப் பார்த்தவர் சொன்ன சொல்.

பதிவைத் திருத்தினேன். ‘முந்தைய தலைப்பு’ என்ற கட்டத்தில் என் பழைய வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன். பொமோனாவும் முதலில் அதைத்தானே பார்த்தாள்.