121.5இல் ஒரு விசில்

"அண்ணை, நான் ஒருக்கா சொல்லட்டோ?" என்று மைக்கைக் கையில் எடுத்தபடி, கோபுரத்தில் என்னோடு வேலை செய்கிற தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் இன்னும் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

சென்னை விமானம் போய்விட்டிருந்தது, பலாலி விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எங்கள் கையில் வேறு விமானம் இல்லை, ஆபத்தில் இருக்கிற விமானங்கள் உதவி கேட்பதற்கான 121.5 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டும் ஸ்பீக்கரில் திறந்திருந்தது. யாரோ ஒரு விமானி அதில் பாட்டொன்றை விசிலடித்தார், இன்னொருவர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார், மூன்றாமவர் இது ஆபத்து அலைவரிசை என்று கண்டிக்க, அதன் பெயரையே "கார்ட்! கார்ட்!" என்று கத்தினார். 35,000 அடியில் பறப்பவரின் குரல் 200 கடல் மைலுக்கு அப்பாலும் கேட்கும் என்பதால் அவர்கள் எங்கள் எல்லைக்குள்தான் இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் விமானிகள் இதே அலைவரிசையில் பூனை மாதிரிக் கத்துகிறார்கள் என்று வாசித்தபோது, அது எங்கேயோ நடக்கிற விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. அழைப்புப் பெயர் சொல்லாத ஆளை எப்படிக் கண்டிப்பது? அதோடு, கண்டிக்கிறவரும் அந்த நேரத்துக்கு அதே அலைவரிசையைத்தான் அடைத்துக்கொண்டிருக்கிறார். கத்தியவரும் விசிலடித்தவரும் அந்த வகையில் எனக்கு ஒன்றுதான். கடலுக்கு மேலே பேச்சுத் துணை வேண்டுமென்றால் விமானிகளுக்கு 123.45 என்ற வேறு அலைவரிசை இருக்கிறது, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் ஸ்கோர் கேட்கட்டும்.

ஆனால் அந்த விசிலுக்கு நடுவில் ஒரு கணம் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, அதுதான் என்னை விடுகுதில்லை. விமான ரேடியோ இன்றைக்கும் ஏஎம்தான், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் பொத்தானை அழுத்தினால் இரண்டு அலையும் உரசி அப்படிக் கீச்சிடும். மயிலிட்டியில் கடலுக்குப் போகிற சிநேகிதர் ஒருவர் கடலில் ஆபத்துக்கு அழைக்கிற தங்களுடைய 16ஆம் சனலிலும் பாட்டுப் போடுகிறார்கள் என்று குறைப்படுவார், அது எஃப்எம், பலமான குரல் மெல்லிய குரலைத் தடமே இல்லாமல் மூடிவிடும். எங்களுக்கு அந்தக் கீச்சாவது மிஞ்சுகிறது. அதாவது விசிலுக்குக் கீழே இன்னொருவர் இருந்தார்.

கொழும்பு விமானக் கட்டுப்பாட்டைக் கேட்டேன். எல்லா விமானங்களும் தொடர்பில் இருக்கின்றன என்றார்கள். சரி, அப்படியானால் அது இன்னொரு "கார்ட்" கத்தலாகத்தான் இருந்திருக்கும், அநேகமாக அதுதான். பதிவேட்டில் நேரத்தோடு எழுதினேன். விசாரிப்பதற்கு விமானத்தின் பெயர் இல்லாத பதிவு, எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியும்.

செய்மதிகள் 121.5ஐக் கேட்பதை 2009 பெப்ரவரியில் நிறுத்திவிட்டன, இப்போது அவை கேட்பது 406 மெகாஹேர்ட்ஸில் ஆபத்துச் சைகை அனுப்பும் கருவிகளை. ஆகவே 121.5இல் ஒருவர் வாயால் உதவி கேட்டால் அதைப் பிடிக்க மனிதக் காதுகள்தான் மிச்சம், மற்ற விமானங்களில் இருப்பவர்களும் எங்களைப் போல நிலத்தில் இருப்பவர்களும். தொடர்பு அறுந்த விமானத்தைப் போர் விமானம் இடைமறிக்கும்போது கூப்பிடுவதும் இதில்தான். நீண்ட பறப்பில் விமானிக்கு அலுப்பு வரும், அது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அலுப்பைப் போக்க இந்த ஒரு இடத்தையா தேடுவது என்று கோபம் வருகிறது, அந்தக் கோபத்தை அன்றைக்கு மைக்கில் சொல்லாமல் விட்டது சரிதானா என்று பிறகு சந்தேகமும் வருகிறது. கோபுரத்திலிருந்து அமைதியாக ஒரு வசனம் வந்திருந்தால் ஒருவராவது வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பாரோ?

சில நாட்களுக்குப் பிறகு மறுபடியும் யாரோ தொடங்கியபோது தம்பி பேசாமல் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார். கூட்டிவிடும் என்றேன். "பேசவும் வேண்டாம், எழுதியும் பிரயோசனம் இல்லை, பிறகு ஏன் அண்ணை இதைக் கேட்டுக்கொண்டிருக்கவேணும்?" என்றார். அந்தக் கீச்சுச் சத்தத்தைப் பற்றித் திரும்பவும் சொன்னேன். கூட்டினார், ஆனால் நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.