மூன்று பேருக்குப் பீரங்கி

நேற்று என் தூக்கத்தைக் கெடுத்தவர் ஆல்மைட்டி வாய்ஸ். கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில் வாழ்ந்த கிரீ பழங்குடி இளைஞர்.

1895 அக்டோபரில், மாடு ஒன்றைக் கொன்றதாகப் பிடித்து டக் லேக் காவலறையில் அடைத்தார்கள். இரவோடு இரவாகத் தப்பினார். தேடிவந்த போலீஸ் சார்ஜென்ட் கோல்புரூக்கைச் சுட்டுக் கொன்றார். தலைக்கு 500 டாலர் அறிவித்தும் 19 மாதங்கள் பிடிபடவில்லை! பட்டினி கிடந்த மக்களிடம் மாட்டுக் கணக்குக் கேட்ட சட்டத்தை என்னவென்பது?

1897 மே இறுதியில் மினிசினாஸ் குன்றுகளில், சிறு மரத்தோப்பு ஒன்றில் இரண்டு தோழர்களோடு சிக்கினார். உள்ளே புகுந்து பிடிக்கப் பார்த்ததில் தாக்கியவர்கள் தரப்பில் மூவர் இறந்தார்கள். பிறகு ரெஜைனா நகரிலிருந்து பீரங்கி வந்தது. குண்டுமழை ஓய்ந்தபோது தோப்புக்குள் யாரும் உயிரோடு இல்லை.

அருகிலிருந்த மேட்டில் அவருடைய தாய் சாவுப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாராம்.