அப்பா முடிந்து வைத்த காசு: திருச்செந்தூர் போய் வந்தோம்

அப்பாவின் தலைத்திவசம் முடிந்த மறுநாளே அம்மா கேட்டுவிட்டாள், "செந்தூருக்கு எப்பம் கூட்டிட்டுப் போற?" துக்க வருஷத்தில் முருகன் வாசலை மிதிக்காமல் இருந்ததே அவளுக்குப் பெரும்பாடு. அதைவிட, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த மஞ்சள் துணி முடிச்சுகள் அவளைத் தூங்க விடவில்லை. சாமி காசு வீட்டில் கிடக்கக் கூடாது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1959-ல் கடற்படையில் சேர்ந்த காலத்துப் பெட்டி அது. கறுப்புப் பெயின்ட், மூடியில் வெள்ளை எழுத்தில் பெயரும் சர்வீஸ் நம்பரும். உள்ளே பென்ஷன் தாள்கள், நவம்பர்தோறும் கொடுத்த உயிர்வாழ் சான்றிதழின் நகல்கள், மெடல்கள். எல்லாவற்றுக்கும் அடியில்தான் அந்த முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய். எதற்கு முடிந்தது என்று துணியிலேயே பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார். 'மூத்தவள் ஆபரேஷன்', 'தம்பி வேலை', 'பேத்தி காய்ச்சல்'. வைகாசி விசாகத்துக்குப் போய்க் காசைச் செலுத்திவிட்டு வருவது அவர் வழக்கம். முதலில் கொரோனா வந்து நின்றது, அப்புறம் முட்டிவலி, 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம். அதற்குள் அவரே போய்விட்டார். ஒரே ஒரு முடிச்சில் மட்டும் எதுவும் எழுதவில்லை. எதற்கென்று அம்மாவுக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் வேண்டுதல் எல்லாம் அம்மாவின் இலாகா என்றுதான் நினைத்திருந்தோம். 1971 பாகிஸ்தான் போரின்போது அப்பா விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில், பாய்லரை எரியவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோக்கர். கப்பலின் நான்கு பாய்லர்களில் ஒன்று பழுது. மீதி மூன்றை வைத்துத்தான் வங்காள விரிகுடாவில் ஓட்டினார்கள். சண்டையில் கடலைப் பார்த்ததே இல்லை என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். விமானங்கள் மேலே ஏறுவதும் இறங்குவதும் காதுக்குத்தான் தெரியும். நான்கு மணி நேர வாட்ச் டூட்டி முடிந்து வெளியே வந்தால், பாதி நேரம் இருட்டு.

அம்மா அப்போது ஊரில், கைக்குழந்தையாக அக்கா. அப்பாவின் கடிதத்தில் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் முகவரி மட்டும் இருக்கும், கப்பல் எங்கே நிற்கிறது என்று இருக்காது. டிசம்பர் 9 இரவு அரபிக்கடலில் டையூவுக்கு அப்பால் நம் கடற்படையின் குக்ரி கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். ஊருக்கு வந்து சேர்ந்த சேதியோ 'நம்ம கப்பல் ஒண்ணு முங்கிட்டு' என்பதுதான். எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று சொல்ல ஆளில்லை. அம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செந்தூருக்கு நடந்தே போய்விட்டாள். அவரைக் கரை சேர்த்துவிடு, முடி இறக்க வைக்கிறேன் என்று அழுதுவிட்டு வந்தாள். மறு வருஷம் லீவில் வந்த அப்பா அடர்ந்த தாடியோடு இறங்கினார். கடற்படையில் தாடி வளர்க்கத் தனியாக ரிக்வெஸ்ட் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். முருகனுக்காக வாங்கியிருந்தார். நாழிக்கிணற்றில் குளிக்கும்வரை அவர் கையில் போக மாட்டேன் என்று அக்கா அலறினாளாம்.

குக்ரியில் போனவர்களில் சிலர் லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் அப்பாவோடு பயிற்சி பெற்றவர்கள். வருஷாவருஷம் டிசம்பர் 9 இரவு அவர் சாப்பிட மாட்டார். வயிறு சரியில்லை என்பார். காரணம் எங்களுக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

1978-ல் கடற்படையை விட்டு வந்து தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் வேலை. அங்கேயும் பாய்லர்தான். எங்கள் படிப்பு, அக்கா கல்யாணம், வீடு எல்லாம் அந்த வெக்கையில் வந்தவை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். மார்கழியில் போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள், அம்மா கேட்கவில்லை. விடியுமுன் தூத்துக்குடியில் வேன் ஏறினோம். அப்பா இருந்தால் முந்தின இரவே பைகளை வரிசையாக வைக்கச் சொல்லி, கிட் மஸ்டர் என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார். துண்டு மறந்தவர் மாட்டிக்கொள்வார். இந்தத் தடவை துண்டை எல்லோருமே மறந்திருந்தோம். முக்காணி, ஆத்தூர், காயல்பட்டினம் தாண்டிக் கோபுரம் தெரிந்ததும் அம்மா கையெடுத்தவள், வேன் நிற்கும்வரை இறக்கவில்லை.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஐயப்ப சாமிகள் வேன் வேனாக வந்து இறங்கியிருந்தார்கள். வண்டியை விட்டு இறங்கியதுமே ஒருவர் ஒட்டிக்கொண்டார். "வயசான அம்மா, வரிசையில நிக்க முடியாது, அரை மணியில சாமிகிட்ட நிப்பாட்டுறேன்" என்று ஆளுக்கு ஒரு தொகை சொன்னார். வேண்டாம் என்றதும் பாதியாகக் குறைத்தார். கடற்கரைவரை கூடவே வந்தார். முருகனைப் பார்க்க ஆள் பிடிக்கும் இந்தப் பிழைப்பைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அம்மா திரும்பி, "அவரு கப்பல்ல இருந்தப்பவே நான் வரிசையில நின்னவ, நீ போப்பா" என்றாள். ஆள் கழன்றுகொண்டார்.

கடலில் கால் நனைத்தோம். முன்பெல்லாம் அப்பா இந்த மணலில் உட்கார்ந்துதான் சண்முகர் கதை சொல்வார். டச்சுக்காரர்கள் சண்முகர் சிலையைக் கப்பலில் கொண்டுபோனதும், புயல் வந்து கடலில் போட்டதும், வடமலையப்ப பிள்ளையின் கனவில் முருகன் வந்து எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், கருடன் வட்டமிடும் இடத்தில் தேடு என்றதும் இங்கே யாருக்குத்தான் தெரியாது? அப்பா தன் பங்குக்கு ஒன்று சேர்ப்பார். "அது பழமில்லடே, மிதவை. கடல்ல ஒரு இடத்தைக் குறிக்கணும்னா நாங்களும் மிதவைதான் போடுவோம். முருகனுக்கு நேவி வேலையும் தெரியும்." நாழிக்கிணற்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் உண்டு. தாகத்தில் தவித்த படைக்கு வேலை ஊன்றித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாரே, படைவீரனின் கஷ்டம் தெரிந்த சாமி என்பார்.

வரிசை நகரவே இல்லை. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றதில் முதுகு வேர்த்து ஊற்றியது. குழந்தைகள் அழுதன. யாரோ நடுவில் புகுந்தார்கள், சண்டை வந்தது, அரோகரா சத்தத்தில் அடங்கியது. செல்போனை வெளியே கொடுத்துவிட்டதால் மணி தெரியவில்லை. அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. கம்பியைப் பிடித்தபடி கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னால் முறைத்தாள்.

மூலவர் முன்னால் வந்துவிட்டோம். கையில் மலரோடு சிவபூஜைக் கோலத்தில் நிற்கிற பாலசுப்பிரமணியர். விளக்கு வெளிச்சத்தில் சந்தனம் பூசிய அந்தச் சின்ன முகம். "நகருங்க, நகருங்க" என்ற குரல் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றுமே தோன்றவில்லை. அம்மா வழக்கமாக உதட்டுக்குள் வேண்டுகிறவள், இன்று சத்தமாகவே பேசினாள். "முருகா, அன்னிக்குக் கேட்டேன், திருப்பித் தந்த. அம்பது வருஷத்துக்கு மேல என்கூட வச்சிருந்த. இப்பம் உங்கிட்ட வந்துட்டாரு. பார்த்துக்கோ. அவருக்கு முட்டிவலி உண்டு, ரொம்ப நேரம் நிக்க வைக்காத. காப்பிக்குச் சீனி போட்டுக் கொடுக்காத, சுகர் இருக்கு."

பக்கத்தில் நின்ற ஐயப்ப சாமி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நகரச் சொன்னவரும் ஒரு நொடி கையை இறக்கிவிட்டார். அந்த ஒரு நொடிக்காக அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். எனக்குக் கண் மறைத்தது. சாமியை ஒழுங்காகப் பார்த்தேனா என்றுகூடத் தெரியவில்லை. பார்த்த மாதிரியும் இருக்கிறது, பார்க்கப்பட்ட மாதிரியும் இருக்கிறது. அப்புறம் சண்முகரைக் கும்பிட்டதும் பஞ்சலிங்கம் பார்த்ததும் பிரகாரம் சுற்றியதும் வரிசையாக நினைவில் இல்லை. 2025 ஜூலையில் கும்பாபிஷேகம் ஆன கோயில், இன்னும் புதுசாகவே இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உண்டியலில் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அம்மாவே போட்டாள். போடுமுன் எழுத்தை அக்காவிடம் வாசிக்கச் சொன்னாள். 'மூத்தவள் ஆபரேஷன்' என்று வாசித்ததும் அக்காவால் மேலே வாசிக்க முடியவில்லை, நான் வாங்கிக்கொண்டேன். எழுதாத முடிச்சு வந்தது. பிரித்துப் பார்ப்போமா என்று என் மகள் கேட்டாள். "கேட்டவருக்குத் தெரியும், கொடுத்தவனுக்குத் தெரியும். உனக்கு எதுக்கு?" என்று அதையும் உள்ளே தள்ளிவிட்டாள். அப்பா தனக்காக வேண்டிக்கொண்டது அந்த ஒன்றாகவாவது இருக்கட்டும் என்று இருக்கிறது எனக்கு.

பன்னீர் இலை விபூதி கிடைத்தது. செந்திலாண்டவா, என்ன சொல்ல? மூழ்கிய கப்பல்களுக்கும் கொதித்த பாய்லர்களுக்கும் நடுவில் அந்த மனுஷனை எங்களுக்கு 83 வயதுவரை வைத்திருந்தாய். எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கவும், அக்காவின் பிரசவத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க நிற்கவும், பேத்தியின் பள்ளிக்கூட ஷூவுக்குத் தினமும் பாலிஷ் போடவும் ஆள் தந்தாய். கோடி நமஸ்காரம்.

திரும்பும்போது காயல்பட்டினம் தாண்டியதும் அம்மா ஒரு காசு கேட்டாள். அக்கா மகனுக்கு வரன் அமைய முடிந்து வைக்க வேண்டுமாம், துணியைக்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தாள். யாரிடமும் காசில்லை, எல்லோரும் ஜிபே. டிரைவர் தம்பி டேஷ்போர்டைத் துழாவி ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து, "முருகனுக்குத்தானே ஆச்சி, வச்சுக்கோங்க" என்று நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அடுத்தவர் காசில் நேர்ந்துகொள்ளக் கூடாதாம். அங்கேயே வண்டியை நிறுத்தி, அவருக்கு ஐந்து ரூபாய் ஜிபே செய்த பிறகுதான் முடிச்சுப் போட்டாள்.