எலிக்குப் பலித்த மருந்து

மருந்தியல் செய்முறை வகுப்பில் ஒரு வெள்ளை முயலின் வலக்கண்ணில் இரண்டு சொட்டு அட்ரோபின் விட்டு, பாவை விரிவதை அளவுகோல் பிடித்துக் குறித்துக்கொண்டோம். முயலைத் துணியில் சுற்றி மடியில் பிடித்திருப்பது என் வேலை; அதன் நெஞ்சு படபடத்தது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. சில முயல்களின் இரத்தத்தில் அட்ரோபினைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே உண்டு என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து நஞ்சுக்கு முதலில் போடும் ஊசி அந்த அட்ரோபின்தான் என்பதால், முறிமருந்தை எந்த விலங்கில் சோதித்தார்கள் என்று பார்க்காமல் எந்த ஆய்வையும் நான் இப்போது நம்புவதில்லை.

எலியிடமும் இந்தச் சிக்கல் உண்டு. அதன் இரத்தத்தில் மிகுந்திருக்கும் கார்பாக்சில்எஸ்டரேஸ் என்ற நொதி நஞ்சின் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. மனித இரத்தத்தில் அந்தக் காப்பு இல்லை. கினிப் பன்றி இவ்வகையில் நமக்குச் சற்று நெருக்கம்.

1955இல் வில்சனும் கின்ஸ்பர்க்கும் அறிவித்த பிராலிடாக்சைம் (வார்டில் சுருக்கமாக ‘பாம்’) நஞ்சு பிடித்துக்கொண்ட அசிட்டைல்கோலினெஸ்டரேஸை, அதாவது நரம்புச் செய்தியை உரிய நேரத்தில் நிறுத்தும் நொதியை, விடுவிக்க வல்லது. ஆய்வுக்கூட விலங்குக்குப் பெரும்பாலும் நஞ்சு ஏறிய சில நிமிடங்களிலேயே அது கிடைத்துவிடுகிறது. வயற்காட்டிலிருந்து தூக்கி வரப்படும் மனிதருக்கோ பல மணி நேரம் கடந்திருக்கும். இந்த நஞ்சுகளில் டைமெத்தில் என்ற வேதிவகையாக இருந்தால், பிணைந்த நொதியில் பாதி ஏறத்தாழ 3.7 மணி நேரத்திற்குள் மீட்க முடியாதபடி முதிர்ந்துவிடுகிறது. டையெத்தில் வகையில் இதற்கு 33 மணி நேரம் ஆகும்.

இலங்கையில் 235 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு என்னை உலுக்கியது. பாம் பெற்ற 121 பேரில் 30 பேரும், வெற்று ஊசி பெற்ற 114 பேரில் 18 பேரும் இறந்தனர். புள்ளியியல்படி இந்த வேறுபாடு உறுதியானதன்று என்றாலும், டையெத்தில் நஞ்சுக்கு ஆளானவர்களின் சிவப்பணுக்களில் நொதி மீண்டிருந்தும் உயிர் பிழைப்பில் ஆதாயம் தென்படவில்லை.

பிறகு குறும்பன்றிகளை மயக்கத்தில் வைத்து, டைமெத்தோயேட் என்ற பூச்சிமருந்தின் தூய வடிவையும் கடையில் விற்கும் அதன் கலவையையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். தூய நஞ்சு பெற்றவை அந்த அளவுக்கு முடங்கவில்லை. சைக்ளோஹெக்சனோன் என்ற கரைப்பானும் சேர்ந்தபோதுதான் நஞ்சின் முழுக் கடுமையும் வெளிப்பட்டது. நான் படித்த பாடநூலின் பூச்சிமருந்து அத்தியாயத்தில் கரைப்பான் என்ற பேச்சே இல்லை.