டார் ஹெட்டரின் 512 பைட்டுகள்: சி பிராக்டிகலுக்குப் போகிறவர்களுக்கு

பிராக்டிகல் அன்று எடுத்த சீட்டில் "ஆர்கைவ் கோப்பின் ஹெட்டரைப் படித்துக் காட்டும் சி புரோகிராம், பிறகு அதே அமைப்பில் ஒரு ஆர்கைவ் எழுதவும்" என்று இருந்தால் முகம் வாடிப்போகிறவர்கள்தான் அதிகம். கேள்வியை மாற்றிக் கேட்டால் மதிப்பெண் குறையும் என்று தெரிந்தும் கேட்பார்கள். ஆர்கைவ் என்றால் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு, டார் அதில் ஒரு வகை; ஹெட்டர் என்றால் உள்ளே ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதன் பெயர், அளவு போன்ற விவரங்களைச் சொல்லும் பகுதி. என்னைக் கேட்டால் லேப் கேள்விகளிலேயே நியாயமான கேள்வி இதுதான். பாயின்டர் சுற்றல் இல்லை, ரெக்கர்ஷன் இல்லை. எந்த பைட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். எழுதியது சரியா தப்பா என்பதை எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) சொல்வதற்கு முன்பே லினக்ஸ் சொல்லிவிடும். ஊட்டியில் படித்த காலத்தில் எனக்கு விழுந்த சீட்டும் இதுதான். அப்போது தெரிந்துகொண்டதையும், பிறகு வேலையில் இதே ஹெட்டர்களோடு மல்லுக்கட்டியதில் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், ரெக்கார்டு நோட்டில் இருக்கிற ஸ்ட்ரக்சரை மனப்பாடம் செய்வதை நிறுத்துங்கள். பெயர் 100, மோடு 8, யூசர் எண் 8, குரூப் எண் 8, அளவு 12, நேரம் 12, செக்சம் (சரிபார்ப்பதற்கான கூட்டுத்தொகை) 8... கோத்தகிரி பஸ்ஸில் ஏறி கட்டபெட்டு தாண்டியதும் ஆரம்பித்து, தொட்டபெட்டா வரும்வரை இதையே முணுமுணுத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பதற்றத்தில் ஒரு ஃபீல்டு விட்டுப்போனால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் எட்டு பைட் நகர்ந்துவிடும், அப்புறம் எங்கே தப்பு என்று தேடவே நேரம் போய்விடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு ஆர்கைவை நீங்களே உருவாக்கி, அதைப் பைட் பைட்டாகக் கண்ணால் பாருங்கள். ஒருமுறை ஒழுங்காகப் பார்த்தால் அட்டவணை தானாக மனதில் நிற்கும்.

எப்படிப் பார்ப்பது? உபுண்டுவில் "கோத்தகிரி" என்ற பெயரிலேயே ஒரு கோப்பு உருவாக்குங்கள். உள்ளே "ஊட்டி" என்று மட்டும் எழுதி என்டர் தட்டிச் சேமியுங்கள். அதை டார் கட்டளையால் கட்டி, வந்த கோப்பை ஓடி (od) கட்டளையில் திறந்து பாருங்கள். பைட்டின் இடத்தை டெசிமலிலும், அதன் மதிப்பை ஹெக்சிலும் (16 அடிமான எண்முறை) காட்டச் சொல்வது வசதி. பெயரைத் தமிழில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, செக்சம் வரும்போது தெரியும்.

தொடக்கத்தில் 27 பைட்டுகள் பெயர். கோத்தகிரி என்பதில் ஒன்பது யூனிகோடு குறிகள், யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அதாவது 100 பைட் பெயர் ஃபீல்டில் தமிழ்ப் பெயருக்கு 33 குறிகள்தான் கொள்ளும். 124ஆவது பைட்டுக்கு வாருங்கள், அங்கே அளவு. ஒன்பது முறை 30, பிறகு 32, 30, கடைசியில் 00. எழுத்தாகப் படித்தால் 00000000020. கோப்பின் உண்மையான அளவு 16 பைட் (ஊட்டி 15, புதுவரி 1). 16 எப்படி 20 ஆனது என்றால், டார் ஹெட்டரில் எண்களெல்லாம் ஆக்டலில் (8 அடிமான எண்முறை), அதுவும் எழுத்து வடிவில் இருக்கும். யூசர் எண் ஃபீல்டில் 0001750 என்று இருந்தால் அது உபுண்டுவில் முதலில் உருவாக்கப்படும் பயனருக்குக் கிடைக்கிற 1000. இதை வைவாவில் (வாய்மொழித் தேர்வு) கேட்கிறார்கள்.

இப்போது மொத்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். ஹெட்டர் 512, கோப்பின் 16 பைட் ஒரு முழு பிளாக்காக நிரப்பப்பட்டு 512, முடிவைக் காட்ட இரண்டு பூஜ்ய பிளாக்குகள் 1024, ஆக 2048 வரவேண்டும். ஆனால் திரையில் 10240 இருக்கும். டேப்பில் எழுதுவதற்காகப் பிறந்த வடிவம் இது. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே டார் இருந்தது. 20 பிளாக்குகளை ஒரு ரெகார்டாகச் சேர்த்து எழுதுகிற பழக்கம் இன்றும் விடவில்லை. நீங்கள் எழுதும் ஆர்கைவ் 2048 பைட்டோடு நின்றாலும் டார் ஏற்றுக்கொள்ளும், அதனால் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

சரி, படிக்கிற புரோகிராம். ஸ்ட்ரக்சரில் எல்லாமே கேரக்டர் அரேதான் என்பதால் ஒரே எஃப்ரீடில் 512 பைட்டையும் இழுத்துவிடலாம். அதற்குப் பிறகுதான் வழுக்குகிற இடங்கள்.

ஆக்டலை, எதையும் டெசிமலாகவே படிக்கிற ஏடூஐ (atoi) போட்டு எண்ணாக்குகிறவர்கள் ஏராளம். நமது 16 பைட் கோப்பில் அது 20 என்று காட்டும், அடுத்த ஹெட்டருக்குத் தாவும்போது இரண்டுமே 512ஆக முழுமையாக்கப்படுவதால் தப்பு வெளியே தெரியாது. 600 பைட் கோப்பு வந்தால்தான் குட்டு உடையும். 600 என்பது ஆக்டலில் 1130. அதை டெசிமலாக எடுத்துக்கொண்டால் 1024 தாவ வேண்டிய இடத்தில் 1536 தாவும், அடுத்த ஹெட்டரைத் தாண்டிப் போய் எதையோ பெயர் என்று அச்சிடும். ஸ்ட்ர்டோல் (strtol) ஃபங்ஷனில் அடிமானம் 8 என்று கொடுத்தால் தீர்ந்தது. தாவும் தூரத்துக்கு, அளவோடு 511 கூட்டி 512ஆல் வகுத்து மறுபடி 512ஆல் பெருக்குங்கள். 512ஆல் வகுத்து ஒன்று கூட்டுவது என்று சிலர் எழுதுவார்கள். சரியாக 512 பைட் உள்ள கோப்பில் அது காலை வாரிவிடும். வெறும் டைரக்டரிக்கும் அப்படித்தான், அங்கே அளவு பூஜ்யம், தாவவே கூடாது.

அடுத்தது பெயர். சரியாக 100 பைட் நீளமுள்ள பெயருக்குப் பின்னால் முடிவைக் காட்டும் பூஜ்ய பைட் இருக்காது. பிரிண்ட்எஃப் அதைச் சாதாரண ஸ்ட்ரிங்காக அச்சிட்டால் பெயரின் வாலில் 0000644 என்று பெர்மிஷனும் ஒட்டிக்கொண்டு வரும். அச்சிடும் நீளத்தை 100க்குள் கட்டுப்படுத்துங்கள்.

அப்புறம் 257ஆவது பைட். 75 73 74 61 72 என்று ஐந்து பைட், 'யூஸ்டார்' என்ற அடையாளம். 1988இல் வந்த, யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரப்படி அதற்குப் பின்னால் 00 30 30 வரவேண்டும். நீங்கள் உபுண்டுவில் சாதாரணமாகக் கட்டிய கோப்பில் 20 20 00 என்று இருக்கும், ஏனென்றால் உபுண்டுவில் இருக்கும் குனு டார் தன் பழைய வடிவத்தில் இரண்டு ஸ்பேஸ் வைத்து எழுதுகிறது. தரத்தில் சொன்னபடி ஆறு பைட்டையும் ஒப்பிடுகிற புரோகிராம், லேப் கணினி கட்டிய டாரையே "இது டார் அல்ல" என்று தள்ளிவிடும். ஐந்து எழுத்தை மட்டும் ஒப்பிட்டு, மீதியை வைத்து எந்த வகை என்று காட்டினால் எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார்.

இனி செக்சம். மதிப்பெண் இங்கேதான் கூடுகிறது, குறைகிறது. விதி எளிது: 512 பைட்டையும் கூட்டு, ஆனால் செக்சம் ஃபீல்டின் எட்டு பைட்டில் என்ன இருந்தாலும் அவற்றை ஸ்பேஸ் என்று வைத்துக்கொள். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் மூட்டையை எடை போட்டுவிட்டு, அந்த எடையை எழுதப்போகிற அட்டையை மட்டும் வெற்று அட்டையாகக் கணக்கில் சேர்ப்பது போல. எட்டு ஸ்பேஸ் என்றால் 256. ஒவ்வொரு பைட்டும் அதிகபட்சம் 255 என்று வைத்தாலும் கூட்டுத்தொகை 130560, ஆக்டலில் 377000. ஆறு இலக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது, அதனால்தான் அந்த ஃபீல்டில் ஆறு இலக்கம், ஒரு பூஜ்ய பைட், ஒரு ஸ்பேஸ் என்று எழுதுகிறார்கள்.

ஆங்கிலப் பெயருள்ள கோப்பில் எப்படிக் கூட்டினாலும் விடை சரியாகத்தான் வரும். கோத்தகிரியைக் கொடுத்துப் பாருங்கள். நம் லேப்களில் இருக்கிற இன்டெல் கணினிகளில் ஜிசிசி என்ற சி கம்பைலருக்கு வெறும் கேரக்டர் என்பது சைன்டு, அதாவது பிளஸ் மைனஸ் உள்ள வகை. 127க்கு மேலுள்ள பைட்டெல்லாம் மைனஸாகிவிடும். தமிழ் எழுத்தின் மூன்று பைட்டுமே 127க்கு மேல்தான். பைட்டுக்கு 256 வீதம் 27 பைட்டுக்கு 6912 குறையும். ஹெட்டரில் இருக்கிற எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் சரியாக 6912 வித்தியாசம் வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள், அன்சைன்டு கேரக்டராக மாற்றிக் கூட்டுங்கள். பாடப்புத்தகத்தில் எல்லா உதாரணக் கோப்புக்கும் ஆங்கிலப் பெயரே வைத்திருப்பதால் இந்த ஓட்டை பல பேர் கண்ணில் படுவதே இல்லை.

எழுதுகிற பாதிக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. மெம்செட் போட்டு 512ஐயும் பூஜ்யமாக்குங்கள். பெயர், மோடு, அளவு, நேரம், வகை, அடையாளம் எல்லாவற்றையும் நிரப்புங்கள். வகை ஃபீல்டில் சாதாரணக் கோப்புக்கு '0', டைரக்டரிக்கு '5'. இவை எழுத்துகள், எண்கள் அல்ல. 12 பைட் ஃபீல்டில் 11 இலக்கம்தான் எழுத வேண்டும், பன்னிரண்டாவது இடம் முடிவு பைட்டுக்கு. (11 ஆக்டல் இலக்கத்தில் அடங்குவது 8 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு; டாரின் பழைய 8 ஜிபி எல்லை இதிலிருந்துதான் வந்தது. வைவாவில் கேட்டால் சொல்லுங்கள்.) எல்லாம் நிரப்பியபின் செக்சம் ஃபீல்டில் எட்டு ஸ்பேஸ் வையுங்கள், கூட்டுங்கள், ஆறு இலக்கமாக எஸ்என்பிரிண்ட்எஃபால் எழுதுங்கள். அது ஏழாவது இடத்தில் பூஜ்யம் போட்டுவிடும், எட்டாவதில் நீங்கள் வைத்த ஸ்பேஸ் அப்படியே நிற்கும். தனியாக எதுவும் செய்ய வேண்டாம். அதன்பின் கோப்பின் உள்ளடக்கம், நிரப்பு, இரண்டு பூஜ்ய பிளாக்குகள். முடித்ததும் டாரிடமே கொடுத்துப் பட்டியல் கேளுங்கள். பெயரும் அளவும் தேதியும் சரியாக வந்தால் அதைவிடப் பெரிய சான்று கிடையாது, அவுட்புட் பக்கத்தில் அதையும் எழுதுங்கள்.

சில இடங்களில் டார் இல்லாமல் ஜிப் ஹெட்டரைக் கேட்பார்கள். சீனியர்கள் விட்டுப்போன டர்போ சி (டாஸ் காலத்து பழைய கம்பைலர்) நோட்டு அப்போது ஆபத்தானது. ஜிப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் வரும் ஹெட்டரின் நிலையான பகுதி 30 பைட். எண்கள் எழுத்தாக இல்லாமல் நேரடி பைனரியாக, குறைந்த மதிப்புள்ள பைட் முன்னால் வரும்படி இருக்கும். டர்போ சியில் இன்ட் 2 பைட், லாங் 4 பைட், ஸ்ட்ரக்சரில் இடைவெளி விடாது. சைஸ்ஆஃப் கேட்டால் 30 என்று அழகாக வரும். அதே வரிகளை 64 பிட் உபுண்டுவில் தட்டினால் இன்ட் 4, லாங் 8, நடுவில் 4 பைட் இடைவெளி, ஆக மொத்தம் 64. வகைகளை 16 பிட், 32 பிட் என்று சரியாக மாற்றிய பின்னும் 32தான் வரும், ஏனென்றால் 14ஆவது பைட்டில் தொடங்க வேண்டிய சிஆர்சியை (கோப்பைச் சரிபார்க்கும் எண்) கம்பைலர் 16க்குத் தள்ளிவிடுகிறது. பேக் செய்யச் சொல்லி கம்பைலருக்கு உத்தரவு போடலாம். எனக்குப் பிடித்த வழி வேறு: 30 பைட்டையும் ஒரு பைட் அரேயில் படித்து, வேண்டிய இடத்திலிருந்து இரண்டு பைட்டையோ நான்கு பைட்டையோ ஷிஃப்ட் போட்டு நானே சேர்த்துக்கொள்வது. எந்தக் கணினியிலும் ஓடும், எக்ஸ்டர்னல் கேட்டால் விளக்கவும் முடியும். விண்டோஸ் லேப் என்றால் கோப்பை பைனரி முறையில் திறக்க மறக்கவே கூடாது. டெக்ஸ்ட் முறையில் மதிப்பு 26 உள்ள பைட் வந்தால் கோப்பு முடிந்தது என்று நின்றுவிடும், ஜிப்புக்குள் அந்த பைட் எங்கே வேண்டுமானாலும் வரும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. நவம்பர் மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரண்டும் போகும், செல்போன் டவரும் போகும். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும், இணையம் இருக்காது. அந்த நேரத்துக்கு உதவுவது கணினிக்குள்ளேயே இருக்கும் இன்க்ளூட் டைரக்டரி. அதில் ஏஆர் (ar.h) என்ற ஹெட்டர் கோப்பைத் திறந்தால், ஸ்டாட்டிக் லைப்ரரிகளைக் கட்டுகிற ஆர்கைவின் முழு ஸ்ட்ரக்சரும் இருக்கிறது: 60 பைட், பெயர் 16, அளவு 10, கடைசியில் இரண்டு பைட் அடையாளம். டார் (tar.h) என்ற ஹெட்டர் கோப்பில் ஸ்ட்ரக்சர் இருக்காது, அடையாளமும் வகை எழுத்துகளும் மோடு பிட்டுகளும் மட்டும்தான். டார் பழகிவிட்டால் ஏஆருக்கு ஒரு மாலை நேரம் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஏஆரில் மோடு மட்டுமே ஆக்டல், அளவு டெசிமல். நிரப்புவதும் 512க்கு இல்லை, இரட்டைப்படை ஆக்க ஒரே ஒரு புதுவரி எழுத்து. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தவர்களை வைவாவில் மடக்குவது கஷ்டம்.

தேர்வறையில் படிக்கிற புரோகிராமை முதலில் முடித்து, ஓடவைத்து, பேப்பரில் எழுதிவிடுங்கள். எழுதுகிற பாதியை அதன்பின் தொடுங்கள். எழுதியதைச் சோதிக்க உங்கள் படிக்கிற புரோகிராமே கையில் இருக்கும். எஃப்ரீட் எத்தனை பைட் தந்தது என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். பாதியில் வெட்டிய கோப்பைக் கொடுத்துப் பார்க்கிற எக்ஸ்டர்னல்கள் உண்டு, 512க்குக் குறைவாக வந்தால் "ஆர்கைவ் முழுமையாக இல்லை" என்று ஒரு வரி அச்சிட்டு வெளியேறினால் போதும். கொடுத்த கோப்பின் முதல் இரண்டு பைட் டெசிமலில் 31, 139 என்று இருந்தால் அது ஜிஜிப்பால் அமுக்கப்பட்டது. அதை விரித்த பிறகுதான் உள்ளே டார் ஹெட்டர் கிடைக்கும். இதையும் ஒரு இஃப் போட்டுச் சொல்லிவிடுங்கள்.