கால்கரியிலிருந்து வான்கூவருக்கு, ஜனவரியில், கண்காட்சி வேலைக்காக

கனடாவின் வான்கூவரில் ஒரு வணிகக் கண்காட்சிக்கு ஸ்டால் அமைக்கும் வேலை கிடைத்தது. சில நாள் வேலைதான். ஆள் எடுக்கும் ஏஜென்சி எல்லாவற்றையும் போனிலேயே பேசி முடித்தது. காலை ஆறு மணிக்குச் சரக்கு இறக்கும் வாசலில் நிற்க வேண்டும், இரும்பு முனை பூட்ஸ் நாமே கொண்டுவர வேண்டும், பெட்ரோல் காசு தருவார்கள். கால்கரியிலிருந்து கிட்டத்தட்ட 970 கிலோமீட்டர், நடுவில் பெரிய கணவாய்கள் இருக்கின்றன என்று சொன்னேன். "அது உங்கள் பொறுப்பு" என்று பதில் வந்தது. அதனால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் சண்டை வாடகைக் கார் கடையில். விண்டர் டயர் வேண்டும் என்று முன்பதிவிலேயே கேட்டிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் ஆல் சீசன் டயர் போட்ட காரின் சாவியைக் கொடுத்து, "இதுவும் சட்டப்படி செல்லும்" என்றார். செல்லும், அதுதான் சிக்கலே. கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் விண்டர் டயர் கட்டாயம் இல்லை. வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கட்டாயம். ஆனால் ஆல் சீசன் டயரின் பக்கவாட்டில் 'எம்+எஸ்' (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பொறித்து, 3.5 மில்லிமீட்டர் பள்ளம் தேயாமல் இருந்தால் அங்கேயும் விட்டுவிடுவார்கள். குளிர் ஏறினால் அந்த ரப்பர் இறுகிப்போகும், ஐஸில் பிடிப்பே இருக்காது. கடும் பனிக்கு ஏற்ற டயரின் அடையாளமான, மூன்று சிகரம் போட்ட மலையும் அதற்குள் பனித்துகளும் உள்ள முத்திரையைத் தேடுங்கள். குனிந்து நான்கு டயரையும் பாருங்கள், அவர்கள் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். மேலாளர் வரும்வரை நான் கவுண்டரை விட்டு நகரவில்லை. வேறு கார் வந்தது. அதற்குக் கூடுதல் கட்டணம் என்றார்கள். முன்பதிவுத் தாளை எடுத்து வைத்ததும் அந்தப் பேச்சு நின்றது.

கண்ணாடி கழுவும் திரவமும் மைனஸ் 40 வரை உறையாததா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். லாரி தெறிக்கும் சகதியில் அது இல்லாவிட்டால் எதிரே ஒன்றும் தெரியாது.

பான்ஃப், லேக் லூயிஸ் தாண்டி கோல்டன் வரை தொல்லை இல்லை. கோல்டனில் பாதையை மூடியிருந்தார்கள். மேலே ரோஜர்ஸ் கணவாயில் ராணுவத்தினர் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் சரிவுகளைச் சுட்டு, திரண்டு நிற்கும் பனியை முன்கூட்டியே இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1910-இல் அதே கணவாயில், தண்டவாளத்தை மூடிய பனியை அள்ளிக்கொண்டிருந்த 58 பேர் இன்னொரு பனிச்சரிவில் புதைந்து இறந்தார்கள். அதைப் படித்த எனக்குக் காத்திருப்பதில் வருத்தமில்லை. அருகில் மாற்றுப் பாதையும் கிடையாது. ஏஜென்சிக்குப் போன் செய்தால், "நேரத்துக்கு வரவில்லை என்றால் வேறு ஆளைப் போடுவோம்" என்றார்கள். சரி என்று, சாலை மூடப்பட்ட அறிவிப்பைப் படம் பிடித்து அனுப்பி, பெட்ரோல் காசு பற்றியும் அதே செய்தியில் எழுதி உறுதி கேட்டேன். "ஓகே" என்று ஒரு பதில் வந்தது.

பெட்ரோல் பங்கில் காத்திருந்த பஞ்சாபி லாரி ஓட்டுநர் ஒருவர் நல்ல மனிதர். வேகத்தைத் தானாகவே பிடித்துவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடாதே, டாங்கை இங்கேயே நிரப்பிக்கொள், ரெவல்ஸ்டோக் வரை 148 கிலோமீட்டருக்கு எதையும் நம்பாதே என்றார். போன் சிக்னலும் வழியில் பல இடங்களில் போய்விட்டது. பனிச்சரிவுப் பகுதி, நிற்காதே என்ற பலகைகள் வரும். படம் எடுக்கக்கூட அங்கே ஓரம் கட்டாதீர்கள்.

இரவு ரெவல்ஸ்டோக்கில் தங்கினேன். மறுநாள் காம்லூப்ஸ் தாண்டி கோக்விஹாலா என்ற மலை நெடுஞ்சாலை. 1,244 மீட்டர் உச்சியில் கனத்த ஈரப்பனி, கீழே ஹோப் வந்ததும் வெறும் மழை. இந்த இறக்கத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கிளம்பும் முன் டிரைவ்பிசி என்ற, மாகாண அரசின் சாலை நிலவரத் தளத்தின் கேமராக்களைப் பாருங்கள். உச்சியில் சாலை எப்படி இருக்கிறது என்று அப்படியே தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே வாசலில் நின்றேன். வேலை கடினம், ஆனால் பிரச்சினை இல்லை. சம்பளம் வந்தபோது பெட்ரோல் காசு அதில் இல்லை. "அப்படி யாரும் சொல்லவில்லையே" என்றார்கள். கோல்டனிலிருந்து அனுப்பிய செய்தியையும் அந்த "ஓகே"யையும் திருப்பி அனுப்பினேன். அடுத்த சம்பளத் தேதியில் பணம் முழுதாக வந்தது. ரெவல்ஸ்டோக் அறை வாடகையைத் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். அதைப் பற்றி நான் எழுதி வாங்கியிருக்கவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் அதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.